பேட்டரியின் உடம்பை அளப்பது எப்படி? டயல் கேஜோடு ஒரு தொடக்கம்

போனைத் திரைப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடி மேசையில் படுக்கவைத்து, ஒரு மூலையை விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல போன் கால் சுற்றுப் போய் உரசி நின்றுவிடும். பம்பரம் மாதிரி நாலு சுற்று வந்தால், உள்ளே பேட்டரி உப்பித் திரையை நடுவில் தூக்க ஆரம்பித்திருக்கிறது. அதே பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 4.1 வோல்ட் என்று சாதுவாகக் காட்டும். கொண்டுவந்தவரும் அதைத்தான் சொல்வார்: "மீட்டர்ல நல்லாத்தானுங்க காட்டுது?"

நான் பத்து வருடம் ஓசூர் சிப்காட்டில் ஒரு மெஷினிங் கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் இருந்தவன். நாள் முழுக்க மைக்ரானோடு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோடு, மல்லுக்கட்டும் வேலை. இப்போது கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பேட்டரி பழுது பார்க்கிறேன். ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின் ஸ்கூட்டர் வேலைகள் பெருகிய பிறகு, பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கமிருந்து டிப்ளமோ முடித்த தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பேட்டரி என்றதும் எல்லார் கையும் மீட்டருக்குத்தான் போகிறது. தடிமன் அளக்கும் வெர்னியரைத் தேடியவர் இதுவரை யாருமில்லை. அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மூச்சும் தொப்பையும்

லித்தியம் அயன் செல்லில் சார்ஜ் ஏறும்போது, லித்தியம் அயனிகள் நெகட்டிவ் பக்கத்துக் கிராஃபைட்டுக்குள் நுழைந்துகொள்கின்றன. கிராஃபைட் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான கார்பன். வெறும் கிராஃபைட்டில் அடுக்குக்கு அடுக்கு இடைவெளி சுமார் 0.335 நானோமீட்டர், லித்தியம் முழுக்க நிரம்பினால் 0.370. பத்து சதவீதம் போல விரிகிறது. செல்லின் மொத்தத் தடிமனில் கிராஃபைட் ஒரு பங்குதான் என்பதால் வெளியே நமக்குத் தெரிவது ஒன்றிரண்டு சதவீதம். 5 மி.மீ. தடிமனுள்ள ஒரு பவுச் செல், அதாவது போனுக்குள் இருக்கும் வெள்ளிப் பை மாதிரியான செல், காலியிலிருந்து முழுச் சார்ஜுக்குப் போகையில் தோராயமாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரை தடிக்கும். சார்ஜ் இறங்கினால் இதுவும் இறங்கிவிடும். நான் இதை மூச்சு என்பேன்.

தொப்பை வேறு. கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய தோல் சுற்றுக்குச் சுற்றுக் கொஞ்சம் தடிக்கிறது. குளிரிலோ அவசரமாகவோ சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. எலக்ட்ரோலைட் சிதைந்தால் வாயு. இந்த மூன்றும் சேர்த்த தடிமன், செல்லைக் காலி செய்தாலும் இறங்காது. வோல்ட் மீட்டர் காட்டுவது செல்லின் இன்றைய நிலையை மட்டும். அது இதுவரை பட்ட பாடு இந்தத் தொப்பையில்தான் இருக்கிறது.

சிலர் கேட்பார்கள், டார்ச் செல்லைக் கீழே போட்டுத் துள்ளுகிறதா என்று பார்க்கிறார்களே, அதுவும் இதுதானா என்று. அது சார்ஜ் ஏறாத ஆல்கலைன் செல். உள்ளே இருக்கும் துத்தநாகம் ஆக்சைடாக மாறி இறுகுவதால் துள்ளுகிறது. 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் சோதித்தார்கள். பாதி சார்ஜ் தீர்வதற்குள்ளேயே துள்ளல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆக, துள்ளினால் புது செல் இல்லை என்று மட்டும் சொல்லலாம், செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ரிமோட்டிலிருந்து எடுத்துத் தூக்கி எறிந்த செல்களில் பாதி உயிரோடு போனவையும் இருந்திருக்கும்.

கை பழக: வீட்டு இன்வெர்ட்டர்

லித்தியத்தைத் தொடும் முன், வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியில், அதாவது ஈயமும் ஆசிட்டும் உள்ள பேட்டரியில், கை பழகுங்கள். ஹைட்ரோமீட்டர் வைத்து ஆசிட் பார்க்கும் ஆள் செய்வதும் இதே வகை வேலைதான். அவர் மின்சாரத்தை அளக்கவில்லை, ஒரு மிதவை எவ்வளவு மூழ்குகிறது என்று பார்க்கிறார். சார்ஜ் இறங்க இறங்கக் கந்தக அமிலம் தட்டுகளுக்குள் போய்விடுகிறது, மிச்சமிருக்கும் திரவம் தண்ணீராகிக்கொண்டே போகிறது, மிதவை தாழ்கிறது.

இன்வெர்ட்டரை முழுச் சார்ஜுக்கு விட்டு, அணைத்து, இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. ஆறு மூடியையும் திறந்து பாசிட்டிவ் பக்கமிருந்து வரிசையாக ஒவ்வொன்றையும் படியுங்கள். மிதவை குழாய்ச் சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும், கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரியில் முழுச் சார்ஜில் அடர்த்தி எண் (தண்ணீருக்கு 1.000) 1.240 பக்கம் இருப்பது வழக்கம். மெக்கானிக்குகள் புள்ளியை விழுங்கிவிட்டு "பன்னெண்டு நாப்பது" என்பார்கள். இந்தக் கணக்கு 27 டிகிரிக்கு. தர்மபுரி மே மாதத்தில் ஆசிட் 37 டிகிரியில் இருந்தால் படித்த எண்ணோடு 0.007 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆறு எண்ணும் ஒன்றாக இறங்கியிருந்தால் சார்ஜ் பற்றவில்லை, அவ்வளவுதான். ஐந்து ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.030க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்த அறையில்தான் கோளாறு. தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள். தண்ணீர் மேலேயே நிற்கும், மிதவை பொய் சொல்லும். ஊற்றி, ஒரு முழுச் சார்ஜ் போய்க் கலந்த பிறகு அளவெடுங்கள்.

இன்னொன்று கண்ணால் பார்ப்பது. பாசிட்டிவ் தட்டின் ஈயக் கம்பிச் சட்டம் வருடக்கணக்கில் அரித்து அரித்து நீளும். நீண்டு மேலே முட்டி, பாசிட்டிவ் முனையை மூடியோடு சேர்த்துத் தூக்கும். ஸ்டீல் ஸ்கேலை மூடிமேல் வைத்தால் பாசிட்டிவ் பக்கம் மேடு தெரியும். இது வயோதிகம், மருந்து கிடையாது. ஆனால் வெறும் ஸ்கேலை முனைகளுக்கு மேல் போட்டால் அங்கேயே ஷார்ட் ஆகி ஸ்கேல் உருகும், ஆகவே முதலில் ஸ்கேலின் இரு பக்கமும் டேப் சுற்றுங்கள். இந்தக் கட்டுரையில் உலோகக் கருவி வரும் இடமெல்லாம் இதையே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்காகப் போட்ட சோலார் வேலியின் பேட்டரி ஒன்று போன வருடம் வந்தது, தண்ணீர் ஊற்ற வேண்டாத சீல் வகை. "ராத்திரி பத்து மணிக்கு மேல வேலி செத்துப்போயிடுதுங்கண்ணா, காலைல பாத்தா 12.6 காட்டுது" என்றார் விவசாயி. பக்கவாட்டில் ஸ்கேலை வைத்தேன், ஊஞ்சல் மாதிரி ஆடியது. பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகளை, எடுத்து, ஸ்கேலை நடுவாக நிறுத்தி இரு ஓரத்து இடைவெளியையும் அளந்தேன். பக்கத்துக்கு இரண்டு மி.மீ.க்கு மேல். சார்ஜ் கன்ட்ரோலர் அளவுக்கு மேல் ஏற்றிச் சூடாக்கி, உள்ளே வாயு தள்ளிய வீக்கம் அது. பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்ததும் ஆறு மாதத்தில் வீங்கியிருக்கும். கன்ட்ரோலரையும் சேர்த்து மாற்றச் சொன்னேன்.

கல், தூண், டயல்

இனி லித்தியம். முதல் செல்லாக எதை எடுப்பது? வாரன்டியில் இருக்கும் ஸ்கூட்டர் பேக்கைத் தயவுசெய்து திறக்காதீர்கள். 48, 60 வோல்ட் பேக் பழகுவதற்கான இடமில்லை. பாதுகாப்புச் சர்க்யூட்டோடு வரும் ஒற்றைப் பவுச் செல் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள், ஒன்றிரண்டு ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி போதும். பழைய செல்லில் ஆரம்பித்தால் அதன் பிறந்த தடிமன் தெரியாது, ஒப்பிட ஒன்றுமிருக்காது.

வெர்னியரில் அளந்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். பவுச் செல் மெத்தை மாதிரி. தாடை இறுக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப எண் மாறும், ஒரே செல்லை நான் அளந்தால் ஒன்று, நீங்கள் அளந்தால் ஒன்று. நாம் தேடும் மூச்சே 0.05 மி.மீ. அதற்கு டயல் கேஜ் வேண்டும், அதாவது முனை நகர்வதை வட்ட முகத்தில் முள்ளால் காட்டும் கருவி. கோட்டுக்கு 0.01 மி.மீ. காட்டும் டயல் வைத்தால் முள் ஐந்து கோடுதான் நகரும். ஒரு மைக்ரான் டயல் வாங்குங்கள். ஓசூரில் பழைய மெஷின் கருவி விற்கும் கடைகளில் தேடினால் அடிபடாத டயல் கிடைக்கும். வாங்கும் முன் அதன் முனைத் தண்டை (பிளஞ்சர்) மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். முள் எங்காவது தயங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடித்தளத்துக்கு நம் ஊரில் கவலையே இல்லை. கிரானைட் பாலிஷ் பட்டறையில் ஓரத்தில் கிடக்கும் வெட்டுத் துண்டு, ஒரு அடிக்கு ஒரு அடி, தடிமன் 20 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் சும்மாவே தருவார்கள். கம்பெனியில் அளவெடுக்க வைத்திருக்கும் சர்ஃபேஸ் பிளேட் அளவுக்குத் தட்டையாக இருக்காது, நமக்கு அது தேவையும் இல்லை. செல்லை எப்போதும் கல்லின் அதே இடத்தில்தானே வைக்கப் போகிறோம். வெயிலுக்கு இரும்பைவிடக் கல் குறைவாக விரியும் என்பது கூடுதல் லாபம்.

என் முதல் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காந்த ஸ்டாண்டைக் கொண்டுவந்து கல்மேல் வைத்துத் திருகினேன். கல்லில் காந்தம் எப்படி ஒட்டும்? அப்புறம் கல்லில் துளை போட்டு 20 மி.மீ. இரும்புத் தண்டு ஒன்றைப் போல்ட்டால் நிறுத்தி, அதில் டயலைப் பிடிக்கும் கையை மாட்டினேன். தூண் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கட்டும். 100 மி.மீ. இரும்பு, பத்து டிகிரி சூடேறினால் 0.012 மி.மீ. நீளும். கிருஷ்ணகிரியில் ஏப்ரல் காலைக்கும் மதியத்துக்கும் அந்தப் பத்து டிகிரி சாதாரணம். நாம் தேடும் மூச்சில் கால்வாசியைத் தூணே விட்டுக்கொண்டிருக்கும்.

அந்தத் திருட்டைப் பிடிக்க ஒரு மாஸ்டர் பீஸ் வேண்டும். லேத் பட்டறையில் சொல்லி, கிரைண்டிங் செய்த 5 மி.மீ. இரும்புக் கட்டி ஒன்று வாங்குங்கள். துல்லியமாக 5.000 இருக்க வேண்டியதில்லை, மாறாமல் இருந்தால் சரி. ஒவ்வொரு தடவையும் முதலில் அதை வைத்து டயலைப் பூஜ்யமாக்கி, பிறகு செல்லை வைத்து வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். தூண் நீண்டாலும் சுருங்கினாலும் இரண்டுக்கும் பொதுவாகப் போய்க் கழிந்துவிடும்.

கல்லின்மேல் இரண்டு அக்ரிலிக் பட்டைகளை எல் வடிவில் அரால்டைட்டால் ஒட்டுங்கள். செல்லின் மூலை அதில் போய் முட்டி உட்கார வேண்டும். டயலின் கூர் முனை நேராகப் பவுச்மேல் படவே கூடாது. அந்த எஃகுக் குண்டு அலுமினியப் பையில் குழி போடும், குழி நாளைக்கு ஓட்டையாகும். செல்மேல் அதே அளவுக்கு 5 மி.மீ. கண்ணாடித் துண்டு வைத்து, நடுவில் துளையுள்ள வட்டமான ஒரு கிலோ எடைக்கல்லை அதன்மேல் வைத்து, துளை வழியாக டயல் முனையைக் கண்ணாடியில் இறக்குங்கள். மாஸ்டரை வைத்துப் பூஜ்யமாக்கும்போதும் இதே கண்ணாடி, இதே எடை. 5 செ.மீ.க்கு 7 செ.மீ. செல் என்றால் பரப்பு 35 சதுர செ.மீ., ஒரு கிலோ அதற்குப் பஞ்சு மாதிரிதான். படிந்து உட்கார அது போதும். எந்த எடை என்பது பெரிதில்லை, தினமும் அதே எடையாக இருக்க வேண்டும்.

சார்ஜருக்கு முன் பத்துத் தடவை

தம்பிகள் தாண்டிக் குதிக்கும் இடம் இது. டயல் வந்த அன்றே சார்ஜ் போட்டு எண்ணைப் பார்க்க ஆசை. பொறுங்கள்.

செல்லைச் சார்ஜும் செய்யாமல், காலியும் செய்யாமல், அப்படியே வைத்து அளந்து எழுதுங்கள். எடையை எடுத்து, கண்ணாடியை எடுத்து, செல்லையும் எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. இப்படிப் பத்துத் தடவை. மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையின் தடுமாற்றம். என் முதல் முயற்சியில் அது மூச்சைவிடப் பெரிதாக வந்தது. தேடிப் பார்த்தால் செல்லிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மின்முனைத் தகடு எல் பட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உங்கள் தடுமாற்றம் 10 மைக்ரான் என்றால், 20 மைக்ரானுக்குக் கீழே எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று சொல்லாதீர்கள். கம்பெனியில் இதை வேறு பெயரில் பெரிய படிவம் போட்டுச் செய்வோம், உள்ளே இருக்கும் விஷயம் இவ்வளவுதான்.

தூசியையும் குறைத்து எடைபோட வேண்டாம். நம் ரோட்டோரப் புழுதியில் ஒரு மணல் துகள் ஐம்பது மைக்ரானுக்கு மேல் இருக்கும். கல்லையும் கண்ணாடியையும் ஒவ்வொரு தடவையும் பருத்தித் துணியால் துடையுங்கள்.

ஒரு சுற்று அளப்பது

செல்லில் அச்சடித்திருக்கும் உச்ச வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 4.2, இப்போதைய போன் செல்களில் அதற்குமேலும் வரும். அதற்கு ஒத்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். கடையில் கிடைக்கும் டிபி4056 சின்ன போர்டு 4.2 வோல்ட் செல்லுக்குச் சரி. ஆனால் அது ஒரு ஆம்பியர் தள்ளும், செல் 2000 மில்லி ஆம்பியர் மணிக்குக் குறைவென்றால் போர்டிலுள்ள ரெசிஸ்டரை மாற்றிக் கரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செல்லை 3.0 வோல்ட் வரை மெதுவாகக் காலி செய்து, ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். மாஸ்டரை வைத்துப் பூஜ்யம், செல்லை வைத்து அளவு. கண்ணாடியை வைத்தவுடன் முள் கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டே இறங்கும், மெத்தை அமுங்குகிறது. நான் இரண்டு நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். நீங்கள் ஐந்து வைத்தாலும் சரி, என்றைக்கும் அதே ஐந்தாக இருக்கட்டும். அறைச் சூடும் செல்லின் சூடும் நோட்டில் ஏறட்டும்.

அப்புறம் முழுச் சார்ஜ். மறுபடி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், இதில் மட்டும் குறுக்குவழி வேண்டாம். சார்ஜ் ஆகும்போது செல் சூடாகும், சூட்டுக்கும் அது விரியும், அந்த விரிவை மூச்சோடு சேர்த்து எழுதிவிடுவீர்கள். ஆறிய பிறகு மாஸ்டர், செல், அளவு. முழுதிலிருந்து காலியைக் கழித்தால் வருவது மூச்சு. காலி அளவு தனியாக ஒரு பத்தியில் இருக்கட்டும், தொப்பை அதில்தான் வளரும். காலி செய்யும்போது எத்தனை மில்லி ஆம்பியர் மணி வெளியே வந்தது என்பதையும் ஒரு டிஸ்சார்ஜ் டெஸ்டரில் பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் தடிமன் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

நேரமிருந்தால் ஒரே ஒரு தடவை, பத்துப் பத்து சதவீதமாகச் சார்ஜ் ஏற்றி ஒவ்வொரு படியிலும் நிறுத்தி அளந்து கட்டத்தாளில் வரைந்து பாருங்கள். கோடு நேராகப் போகாது. ஆரம்பத்தில் ஏறி, நடுவில் ஒரு இடத்தில் தயங்கி, மறுபடி ஏறும். கிராஃபைட் அடுக்குகளில் லித்தியம் கட்டம் கட்டமாக உட்காருவதால் வரும் வளைவு அது. ஆயிரம் ரூபாய் டயல் ஒன்று அணு அளவில் நடப்பதைத் தாளில் இழுத்துக் காட்டுவதை நான் முதலில் பார்த்த இரவு, கடையைப் பூட்ட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

நோட்டைப் படிப்பது

ஒரு செல்லின் கணக்கு இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் காலியில் 5.020, முழுதில் 5.095, மூச்சு 75 மைக்ரான். ஆறு மாதம் கழித்துக் காலியில் 5.110, முழுதில் 5.170. மூச்சு 60, தொப்பை 90.

மூச்சு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கிராஃபைட்டுக்குள் போய்வரும் லித்தியம் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள், டிஸ்சார்ஜ் டெஸ்டரும் கிட்டத்தட்ட அதே அளவு கொள்ளளவுக் குறைவைக் காட்டினால் கதை பொருந்துகிறது. தொப்பை மாதாமாதம் சீராக ஏறினால் சாதாரண மூப்பு. ஒரே வாரத்தில் தாவினால் ஏதோ நடந்திருக்கிறது: அதிகச் சார்ஜ், சூடு, அடி, மூன்றில் ஒன்று. மூச்சு அப்படியே இருந்து கொள்ளளவு மட்டும் இறங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது செல்லை இல்லை, என் டெஸ்டரின் கிளிப்பை.

எவ்வளவு தொப்பைக்குச் செல்லை ஓய்வுக்கு அனுப்புவது? என் கடையில் பிறந்த தடிமனில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் திருப்பிப் போடமாட்டேன். இது என் கை வழக்கம்தான், செல் தயாரித்தவர் தாளில் வேறு எல்லை கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் இந்தக் கணக்கு அப்படியே நடக்காது. சார்ஜ் ஏறும்போது அதன் இரும்பு பாஸ்பேட் பக்கம் ஆறேழு சதவீதம் சுருங்கும். கிராஃபைட் விரிய, இது சுருங்க, வெளியே தெரியும் மூச்சு சிறிதாகிவிடும். சோலார் தெருவிளக்குப் பெட்டியிலிருந்து எடுத்த எல்எஃப்பியை அளந்துவிட்டு "அண்ணா, டயல் கெட்டுப்போச்சு" என்று வந்தவர்கள் உண்டு.

தடிமனுக்குப் பதில் அழுத்தம்

ஸ்கூட்டர் பேக், கார் பேக் எதிலும் செல் சுதந்திரமாக வீங்க இடமில்லை, சட்டத்துக்குள் நெருக்கிக் கட்டியிருக்கும். அங்கே மூச்சு தடிமனாக வராது, தள்ளும் விசையாக வரும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் பவுச் செல்லையும் ஒரு விசையளவியையும் வைத்து இறுக்கி, சுற்றுக் கணக்கில் ஓட்டிப் பார்த்தவர்கள் பிரின்ஸ்டனில் ஜான் கேனரெல்லாவும் கிரெய்க் ஆர்னால்டும். செல்லின் ஆரோக்கியம் இறங்குவதும் தகடுகளுக்கிடையே அழுத்தம் ஏறுவதும் நேர்கோட்டில் போவதை 2014இல் வெளியிட்டார்கள். கொஞ்சம் அழுத்தம் செல்லுக்கு நல்லது, அடுக்குகள் பிரியாமல் பிடிக்கும், அளவுக்கு மேல் இறுக்கினால் சீக்கிரம் தேயும் என்பதும் அவர்கள் கண்டதுதான்.

நம் மேசையில் செய்ய 12 மி.மீ. அலுமினியத் தகடு இரண்டு, நாலு போல்ட், 20 கிலோ பட்டன் லோட் செல் (விசையளவி) ஒன்று, அதன் சிக்னலைப் படிக்க எச்எக்ஸ்711 போர்டு, எண்ணைப் பதிய ஆர்டுயினோ. அக்ரிலிக் தகடு வேண்டாம், அதுவே வளைந்து அழுத்தத்தை விழுங்கிவிடும். ஆரம்ப இறுக்கம் சதுர செ.மீ.க்கு நூறு கிராம் போதும், நம் 35 சதுர செ.மீ. செல்லுக்கு மூன்றரை கிலோ. போல்ட்டை எதிரெதிர் மூலையாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்குங்கள், சிலிண்டர் ஹெட் மாட்டுகிற மாதிரி. லோட் செல் சூட்டுக்கும் நேரத்துக்கும் நகரும், ஆகவே பேட்டரி செல் இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு அதன் நகர்வை முதலில் எழுதி வையுங்கள். தடிமன் அளப்பதில் மூன்று மாதமாவது கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள் என்பேன்.

ஒலியை வைத்தும் பார்க்கிறார்கள். செல்லின் ஒரு பக்கம் மீயொலித் துடிப்பை அனுப்பி, மறுபக்கம் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிடுவது. சார்ஜுக்கேற்ப உள்ளே இறுக்கமும் அடர்த்தியும் மாறுவதால் நேரமும் மாறும். உள்ளே வாயு இருந்தால் ஒலி மறுபக்கம் ஒழுங்காக வந்தே சேராது. கருவி நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

உருளைச் செல்

18650, 21700 செல்களில் எஃகுக் கூடு எல்லாவற்றையும் அடக்கிவிடும். டயலில் ஒன்றும் தெரியாது. கூட்டின் நடுவில், சுற்றுத் திசையில் ஸ்ட்ரெய்ன் கேஜ், அதாவது நீண்டால் மின்தடை மாறும் மெல்லிய பட்டை, ஒட்டினால் தெரியும். 350 ஓம் கேஜில், நீட்சி பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு என்றால் மாற்றம் 0.035 ஓம். சின்னத் தடை மாற்றத்தை அளக்கும் வீட்ஸ்டன் பாலம் என்ற நாலு தடைச் சுற்று போடாமல் அதைப் பிடிக்க முடியாது. சூட்டைக் கழிக்க, செத்துப்போன அதே வகைச் செல்லில் இன்னொரு கேஜ் ஒட்டிப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒட்டும் முன் பிளாஸ்டிக் உறையை உரிக்கும்போது கவனம்: முழுக் கூடும் நெகட்டிவ், மேலே பாசிட்டிவ் பொத்தானைச் சுற்றிச் சின்ன வளைய இடைவெளிதான் காப்பு. உறை உரித்த செல்லின் தலையில் வெர்னியர் தாடை பட்டால் தீப்பொறிதான்.

வாயு அடித்த செல்

சாதாரணத் தொப்பை கெட்டியாக இருக்கும், தடிமன் எங்கும் ஒரே சீராக ஏறும். வாயு அடித்தது தலையணை மாதிரி, நடுவில் மேடு, ஓரத்தில் மடிப்பு. மார்க்கெட்டில் பெங்களூரா மாம்பழத்தை அமுக்கிப் பார்க்கிற பழக்கத்தில் அதை அமுக்காதீர்கள். குத்தி வாயுவை வெளியேற்றும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யவும் வேண்டாம். உள்ளே இருப்பது எரியும் வாயு, காற்று உள்ளே போனால் மிச்சமிருக்கும் லித்தியமும் சும்மா இராது.

அப்படிப்பட்ட செல்லை டயலில் வைப்பதே கூடாது, சார்ஜும் ஏற்றக் கூடாது. முனைகளில் தனித்தனியாக டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வெயில் படாத வெளி இடத்தில், துணியும் பெட்ரோலும் இல்லாத தூரத்தில் வையுங்கள். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் அங்கே சுத்தியல் விழும். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது, திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. நான் மாதம் ஒரு முறை டப்பாவோடு ஓசூர் போகிறேன். டப்பாவின்மேல் எத்தனை செல், என்ன வகை, என்றைக்கு வைத்தது என்று மார்க்கரில் எழுதியிருக்கும், நோட்டில் அந்தச் செல்லின் கடைசி வரிக்கு நேரே அதே தேதி.